ஒஷாவா, மார்க்கம் பக்கம் விமானிகளோடு கதைக்க வழி? (முழுப் பார்வையிழப்பு)

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், எனக்கு முழுப் பார்வையிழப்பு. சொந்தமாகச் சிறிய விமானம் வைத்திருக்கும் ஒருவரின் தொடர்பு வேணும். 2023 நவம்பரில் மார்க்கத்தில் இருந்த பட்டன்வில் விமான நிலையம் மூடப்பட்டதோடு கிட்ட இருந்த இடமும் போய்விட்டது.

118–137 மெகாஹேர்ட்ஸ் ஏஎம் ரேடியோவில் விமானிகளின் குரல் தினமும் கேட்கிறது, ஆனால் அது ஒருவழிதான். பறப்புப் பள்ளியில் அறிமுகப் பறப்பு உண்டு. விமானத்தை ஆறுதலாகத் தொட்டுப் பார்க்க நேரம் தரமாட்டார்கள். கனடிய விமான உரிமையாளர், விமானிகள் சங்கத்தின் (கோபா) சிறுவர் பறப்புத் திட்டம் 8–17 வயதுக்கு மட்டும்.

பறக்கக் கேட்கவில்லை. செஸ்னா 172 போன்ற சிறிய விமானம் ஒன்றுக்குப் பறப்புக்கு முன் சோதனை செய்யும்போது கூட நின்று வேகம் அளக்க உதவும் பிடோட் குழாய், இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் ஃபிளாப்பின் கீல்கள், இறக்கைக்கு அடியில் எரிபொருள் வடிக்கும் வால்வு எல்லாம் கையால் அறிய வேணும். ப்ரொப்பெல்லரில் கை வைக்கமாட்டேன். இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மாக்னெட்டோவின் வயர் பழுதென்றால், சாவி எடுத்திருந்தாலும் ப்ரொப்பெல்லர் அசைந்தால் இன்ஜின் உதைக்கலாம். அதனால்தான் விமானி பக்கத்தில் நிற்க வேணும்.

வார இறுதியில் இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய விமானி ஆரையும் தெரியுமா?