பத்து நாள் லீவு போட்டால் பணிச்சோர்வு போய்விடுமா?

இரவுப்பணி:
"பணிச்சோர்வா? பத்து நாள் லீவு போடுங்கள், தானாகப் போய்விடும்" என்று பழைய கணக்கர் ஐயா நேற்று அருளியிருக்கிறார். போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். பதினோராம் நாள் காலை லேப்டாப்பைத் திறந்தேன். படிக்காத மெயில் 640. பாஸ்வேர்டு அடிக்கக் கை போகவில்லை.

பழைய கணக்கர்:
31 வருடம் வேலை பார்த்தவன் நான். அப்போது பணிச்சோர்வு, 'பர்ன்அவுட்' என்ற வார்த்தையே கிடையாது. லீவு போட்டோம், வந்தோம், வேலையைப் பார்த்தோம்.

இரவுப்பணி:
1974-லேயே ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார் ஐயா. உங்கள் காதுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வெறும்பார்வையாளன்:
உலக சுகாதார நிறுவனமே 2019-இல் இதை நோய் என்று அறிவித்துவிட்டது. நோய்க்கு லீவுதானே?

இரவுப்பணி:
அறிவிக்கவில்லை. நோய்களையும் உடல்நலம் சார்ந்த மற்ற நிலைகளையும் வகைப்படுத்தும் அவர்களின் ஐசிடி-11 பட்டியலில் அது வேலை சார்ந்த ஒரு நிலை. நோயாக வகைப்படுத்தவில்லை என்று அவர்களே விளக்கமும் கொடுத்தார்கள். பாதி படித்துவிட்டு எழுதாதீர்கள்.

வெறும்பார்வையாளன்:
பட்டியலில் இருக்கிறதா, இல்லையா? போன மாதம் தூக்க விவாதத்திலும் இப்படித்தான் வார்த்தையைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

குழுத்தலைவி:
எங்கள் டீமில் இருவரைக் குறைத்தார்கள். பதிலுக்கு மாலை 6:30-க்கு ஆன்லைன் யோகா. எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு மிச்ச வேலையை முடிக்கிறோம்.

பழைய கணக்கர்:
யோகா கொடுத்தாலும் குறை!

இரவுப்பணி:
பணிச்சோர்வை ஆராய்ந்த உளவியலாளர்கள் மாஸ்லாக், லைட்டர் இருவரும் அது முளைக்கும் ஆறு இடங்களைக் காட்டுகிறார்கள்: வேலைப்பளு, நம் வேலையில் நமக்குள்ள பிடி, அங்கீகாரம், கூட இருப்பவர்கள், நியாயம், மதிப்பீடுகள். இதில் எதை லீவு சரிசெய்யும்? எனக்கு அடி விழுந்தது நியாயத்தில். மூன்று வாரம் உட்கார்ந்து நான் போட்ட அறிக்கை, முதல் பக்கத்தில் இன்னொருவர் பெயரோடு மேலே போனது. அதற்கு எத்தனை நாள் லீவு ஐயா?

பழைய கணக்கர்:
அதை விடுங்கள். அந்தப் பத்து நாள் சனி ஞாயிறு சேர்த்தா, சேர்க்காமலா?

இரவுப்பணி:
சேர்த்துத்தான். ஏன்?

பழைய கணக்கர்:
நான்கு நாள் அதிலேயே போய்விட்டது. நீங்கள் போட்டது ஆறு. நான் சொன்னது பத்து.

இரவுப்பணி:
சரி, பாக்கி நான்கையும் போட்டுவிடுகிறேன். மெயிலை உங்களுக்குத் திருப்பிவிடட்டுமா?

வெறும்பார்வையாளன்:
அது நோய்தான்.