தனுஷ்கோடி சர்ச்: அது என்ன கல், அந்த மக்கள் எங்கே போனார்கள்?

மதுரைக்காரி:
போன மாதம் குடும்பத்தோடு தனுஷ்கோடி போயிருந்தோம். வண்டி நின்றதும் எல்லோரும் நேராக அந்த இடிந்த சர்ச்சுக்குத்தான் ஓடுகிறார்கள், நாங்களும்தான். கூரை கிடையாது, பலிபீடம் இருந்த இடம் மட்டும் அடையாளம் தெரிகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தால் செங்கல்லும் இல்லை, கருங்கல்லும் இல்லை, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. இது என்ன கல்? இவ்வளவும் புயலிலேயே இடிந்ததா? அங்கே பூசைக்கு வந்தவர்கள் எல்லாம் அப்புறம் எங்கே போனார்கள்? வழிகாட்டியாக வந்தவர் ராமர் பாலத்தைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார்!

பாம்பன் வாடை:
அது பவளக்கல் சகோதரி. அந்த மணல் திட்டில் கருங்கல்லுக்கு எங்கே போவது, கடல் கொடுத்ததை வைத்துத்தான் கட்டினார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தது, கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். ஒரு பக்கம் பெண்கடல், இன்னொரு பக்கம் ஆண்கடல் என்போம். அன்றைக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தப்பியவர்கள் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் என்று பிரிந்துபோனார்கள். மீன்பிடிக்கிற சில குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டன, மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிதண்ணீர். மிச்சமிருந்த சுவரை அறுபது வருஷமாக உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது, அதனால் எல்லாப் பழியையும் புயல் மேல் போட முடியாது.

போட் மெயில் பிரியன்:
அந்த ஊரே ரயிலுக்கும் கப்பலுக்குமாக வளர்ந்ததுதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போவார்கள். சுங்கம், தபால், ரயில்வே என்று வேலைக்கு வந்தவர்கள் குடும்பத்தோடு இருந்த ஊர், வெறும் மீனவக் குப்பமாக நினைத்துவிடாதீர்கள். அன்று ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது அலையில் போய்விட்டது, நூறு பேருக்கு மேல், ஒருவரும் பிழைக்கவில்லை. புயலில் சேதமான பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் குழு 46 நாளில் சரிசெய்தது, ஆனால் தனுஷ்கோடியை வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசு அறிவித்துவிட்டது. பாலம் எழுந்தது, ஊர் எழவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

உப்புக்காற்று:
கூரை போட்டுப் பழையபடி கட்டலாமே என்று வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். 2001-லிருந்து பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்குச் சமமான அட்டவணையில் இருக்கிறது, ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம், அதே கல்லுக்கு எங்கே போவது? இருப்பதைக் காப்பாற்றினாலே போதும். 2017-ல் நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. சுவரில் ஆணியால் பெயர் கிறுக்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மதுரைக்காரி:
அந்தக் கிறுக்கல்களை நானும் பார்த்தேன், பலிபீடத்துப் பக்கத்துச் சுவரையும் விடவில்லை. எல்லோருக்கும் நன்றி. அடுத்த தடவை மாமியாரையும் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன், வெயில் தாங்க மாட்டார், எப்போது போனால் நல்லது?

பாம்பன் வாடை:
விடிந்ததும் போய்விடுங்கள். நிழல் சுத்தமாகக் கிடையாது, இருட்டுவதற்குள் போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள்.