புதுப்பிப்பு: எக்ஸிமாவுக்கு டூபிலுமாப் ஊசி, 4 மாதங்களுக்குப் பிறகு

எனக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் அழற்சி நோய். ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தினாலே அரிப்பு திரும்புகிறது, ராத்திரி தூக்கமே இல்லை, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். 'முதலில் அது எக்ஸிமாதானா என்று உறுதி செய்யுங்கள்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அருமையான யோசனை, அவருக்கு நன்றி. தோல் மருத்துவர் சிரங்கும் பூஞ்சையும் இல்லை என்று பார்த்தார். ஒவ்வாமைப் பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் தொடு ஒவ்வாமையும் இல்லை. பெரியவரான பிறகு புதிதாக வந்திருந்தால், தோல் லிம்போமா (ஒருவகைப் புற்றுநோய்) இல்லை என்று தெரிந்துகொள்ள, தோலில் சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸியும் தேவைப்படலாம் என்றார்.

சரி, மருந்து. உபாடசிட்டினிப் போன்ற ஜாக் தடுப்பான் மாத்திரைகள் (அழற்சியைத் தூண்டும் ஜாக் என்ற நொதிகளைத் தடுப்பவை) அரிப்பைச் சில நாட்களிலேயே குறைக்கும். ஆனால் முன்கூட்டியே காசநோய்ப் பரிசோதனை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை என்று இருக்கிறது. ரத்தக்கட்டு அபாயமும் உண்டு. அதனால் டூபிலுமாப் ஊசியைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் 600 மி.கி., பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி. ஐஎல்-4, ஐஎல்-13 என்ற இரண்டு அழற்சிச் சமிக்ஞைகளை அது தடுக்கிறது.

நான்காவது வாரம் ஒரு முழு இரவு தூங்கினேன். காலையில் படுக்கை விரிப்பில் ரத்தக்கறை இல்லை. அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

அப்புறம் கண் சிவந்து உறுத்தியது. இந்த ஊசிக்கு அடிக்கடி வரும் பக்கவிளைவுதான், சொட்டு மருந்தில் அடங்கியது. உங்களுக்கும் வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மாய்ஸ்சரைசரை நான் இன்னும் நிறுத்தவில்லை. கழுத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.