குட்டி டிவிடியில் சிக்கிய ஆயாவின் பாட்டு: உதவி தேவை

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். 2007-இல் குடியாத்தத்தில் அக்கா திருமணம். சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமராவில் எடுத்தோம். 8 செ.மீ. குட்டி டிவிடியில் பதியும் வகை அது. ஒரு வட்டு 1.4 ஜிபி, சாதாரணத் தரத்தில் அரை மணி நேரம்தான். (பந்திக்கே இரண்டு வட்டு போய்விட்டது!)

ஏழில் ஐந்து ஓடுகின்றன. ஆயா நலங்குப் பாட்டுப் பாடிய இரண்டை மட்டும் கணினி காலி என்கிறது. கடைக்காரரும் அதையே சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அடிப்பக்கத்தில் பதிவான வளையம் நிறம் மாறித் தெளிவாகத் தெரிகிறது. கேமராவிலேயே கடைசியில் ‘ஃபைனலைஸ்’ (மற்றக் கருவிகளிலும் ஓடும்படி பதிவை முடித்துவைப்பது) செய்யாமல் விட்டதுதான் காரணமாக இருக்க வேண்டும். கேமராவோ உயிரை விட்டுப் பல வருடமாகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் யாரிடமாவது இத்தகைய கேமரா ஓடும் நிலையில் இருக்கிறதா? வட்டுகளோடு நானே வந்துவிடுகிறேன். இப்படிப்பட்ட வட்டிலிருந்து படத்தை மீட்டவர்கள் இருந்தாலும் வழி சொல்லுங்கள். வட்டை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரைவை மட்டும் பரிந்துரைக்காதீர்கள். சின்ன வட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தட்டு வெளியே வரும் டிரைவ் என்னிடம் இருக்கிறது.