மரவேலியில் அடித்த பெயிண்ட் கொப்புளம் போட்டு உரிகிறது, என்ன செய்யலாம்?

குலசேகரம் வாசி:
முன்தோட்டத்தைச் சுற்றி இடுப்பளவு மரவேலி. கால்கள் அயினி, பலகைகள் ரப்பர் மரம். ஆவணியில் மழை கொஞ்சம் விட்டபோது ஆள் வைத்து வெள்ளை எனாமல் இரண்டு கோட் அடித்தோம். கார்த்திகை பிறப்பதற்குள் பலகைகளின் அடிப்பக்கம் கொப்புளம் போட்டுத் தோல் தோலாக உரிகிறது. நிழல் விழும் பக்கம் பச்சைப் பாசி. கடையில் இன்னும் விலை கூடிய பெயிண்டைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

தக்கலை மரவேலை:
வாங்காதீங்க அண்ணே. ஈரமான பலகையில் எனாமல் அடித்தால் அது மேலே மூடி போட்ட மாதிரிதான். வெயில் பட்டதும் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகித் தள்ளும், பெயிண்ட் பொங்கும். நம்ம குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் நனைகிற மரம் டிசம்பர் வரை ஒழுங்காகக் காயாது. ஒன்று சொல்லுங்க, பலகையின் கீழ் வெட்டுவாயில், அதாவது குறுக்கே அறுத்த முனையில், பெயிண்ட் பட்டிருக்கிறதா?

குலசேகரம் வாசி:
இல்லை. அடித்தவர் குனியவே இல்லை. கீழே ரப்பர் சருகும் குவிந்து கிடக்கிறது.

தக்கலை மரவேலை:
அப்போ ஈரம் ஏறுகிற வழி அதுதான். மரம் தண்ணீரை முகப்பு வழியாக இழுப்பதைவிட வெட்டுவாய் வழியாகப் பல மடங்கு வேகமாக இழுக்கும். இப்போது சருகை மட்டும் அள்ளுங்க. தை, மாசியில் உரிந்ததைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பாசியை பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி அலசிக் காயவிடுங்க. மரத்தின் ஈரம் 15 சதவீதத்தை ஒட்டி இறங்கிய பிறகு பிரைமர். வெட்டுவாய்க்கு மட்டும் ஊற ஊற இரண்டு மூன்று தடவை. பலகை மண்ணிலிருந்து நாலு விரலாவது தூக்கி நிற்கட்டும்.

மார்த்தாண்டம் பழைய மரம்:
எல்லாம் சரி, ஆனால் ரப்பர் பலகைக்கு இத்தனை பாடு எதற்கு? அதில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சையும் துளைக்கிற வண்டும் தேடி வரும். மில்லில் போராக்ஸ், போரிக் கரைசலில் முக்கித் தருவது வீட்டுக்குள் போடும் மேசை நாற்காலிக்குப் போதும். மழையில் அந்த மருந்து கரைந்து போய்விடும். கால்கள் அயினிதானே, அதை விட்டுவிட்டுப் பலகையை மாற்றுங்க. பழைய வீடு இடிக்கிற இடத்தில் அயினிப் பலகை கிடைத்தால் விடாதீங்க.

குலசேகரம் வாசி:
மாற்றினால் அண்டி எண்ணெய் (முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய்) பூசலாமா? மீன்பிடி வள்ளத்துக்குப் பூசுவார்களே.

மார்த்தாண்டம் பழைய மரம்:
பூசலாம், நன்றாகத் தாங்கும். ஆனால் கையுறை இல்லாமல் தொடாதீங்க, தோல் வெந்துவிடும். பிள்ளைகள் சாய்ந்து நிற்கிற வேலி என்றால் நன்றாகக் காயும்வரை கிட்டே விடக்கூடாது. பலகையும் கறுத்துப் போகும், அதற்கு மேல் வெள்ளை எடுபடாது.

குலசேகரம் வாசி:
வீட்டில் வெள்ளைதான் வேண்டும் என்கிறார்கள்.

தக்கலை மரவேலை:
அப்போ அயினிப் பலகை, பிரைமர், வெளிப்புற வெள்ளை. வருஷா வருஷம் மாசியில் கீழ் வெட்டுவாயை மட்டும் ஒரு தடவை பார்த்துத் தொட்டுவிடுங்க. அடிக்கிற ஆளைக் குனியச் சொல்லுங்க.