ஹங்கேரியின் டெப்ரெட்சென் நகரில் வந்து இறங்கியவர்களுக்கு: எந்த மாதம் என்ன விசேஷம், கையில் என்ன கொண்டுபோகலாம்

போன மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவில் ஆளே இல்லையே அண்ணா, இந்த ஊரில் எப்படி ஐந்து வருஷம் ஓட்டினீர்கள்?" ஒருவர் மருத்துவம் படிக்க வந்தவர், இன்னொருவர் கார் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர், மூன்றாமவர் கணவரோடு வந்து வீட்டில் இருப்பவர். மூவருக்கும் நான் சொன்னது ஒன்றுதான். இங்கே பழகின ஒரு மாதத்தில் யாரும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடமாட்டார்கள். ஆனால் விசேஷ நாளில் வெளியே போய் நின்றால் அவர்களே வந்து பேசுவார்கள். அதனால் ஹங்கேரி மொழிக்கு முன்னால் ஹங்கேரி காலண்டரைப் படியுங்கள்.

நம்மில் பெரும்பாலானவர்கள் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வந்து இறங்குகிறோம். ஊரின் மிகப் பெரிய திருவிழா அப்போதுதான் முடிந்திருக்கும். பரவாயில்லை, அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் அக்டோபர் 6. அன்று கொண்டாட்டம் கிடையாது, துக்க நாள். 1849-இல் சுதந்திரப் போரில் தோற்ற பிறகு, ஹங்கேரியின் 13 தளபதிகளை ஆராத் என்ற ஊரில் ஆஸ்திரியர்கள் கொன்றார்கள். ஆஸ்திரியர்கள் பீர் கிளாஸை இடித்து அதைக் கொண்டாடினார்கள் என்று ஒரு கதை. அதனால் 150 வருஷத்துக்குப் பீர் கிளாஸை இடித்துக்கொள்வதில்லை என்று சபதமாம். கணக்குப்படி கெடு 1999-லேயே முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் அலுவலகக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து கிளாஸை நீட்டினால், வயதானவர் ஒருவராவது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். வைன் என்றால் இடிக்கலாம். எலுமிச்சைச் சாறு குடிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு எந்தச் சபதமும் இல்லை.

அதே அக்டோபரில் குடும்பத்தோடு ஒரு நாள் ஹோர்டோபாஜ் புல்வெளிக்குப் போய்வாருங்கள். மேற்கே நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஒன்பது வளைவுப் பாலம், சாம்பல் நிற மாடுகள் எல்லாம் எப்போதும் உண்டு. அக்டோபரில் மட்டும் கொக்கு மாதிரி நெட்டைக் கால் வைத்த சாம்பல் நிற கிரேன் பறவைகள் ஒரு லட்சத்துக்கும் மேலாக வந்து தங்கும். பொழுது சாயும்போது வரிசை வரிசையாக, கத்திக்கொண்டே இறங்கும். டிக்கெட் வாங்கிப் பார்த்த எந்த நிகழ்ச்சியிலும் என் பையன் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

அக்டோபர் 23, 1956 புரட்சி தொடங்கிய நாள். நடுவில் ஓட்டை போட்ட கொடி பறந்தால் கிழிந்துபோனது என்று நினைத்துவிடாதீர்கள். சோவியத் பாணி முத்திரையை மக்கள் வெட்டி எடுத்த அடையாளம் அது.

அடுத்து வருவதுதான் நான் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்ட விசேஷம். அக்டோபர் பிற்பாதியில் கடைவாசல், சந்தை, பெட்ரோல் பங்க் என்று எங்கு பார்த்தாலும் சாமந்தித் தொட்டி. வெள்ளை, மஞ்சள், கத்தரிப்பூ நிறம். வந்த முதல் வருஷம், தீபாவளி நெருங்குகிற சமயத்தில் சாமந்தியைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு தொட்டி வாங்கினேன். ஒன்று நம் வீட்டு சாமிக்கு. இன்னொன்றில் ரிப்பன் கட்டி, எதிர்வீட்டுப் பாட்டிக்கு இனிப்போடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கதவைத் திறந்து தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தொட்டியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, "வா, கல்லறைக்கா போகிறோம்?" என்கிற மாதிரி கையால் காட்டினார். விஷயம் இதுதான்: நவம்பர் 1 எல்லாப் புனிதர்கள் தினம், அரசு விடுமுறை. ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய், செத்துப்போனவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றி சாமந்தி வைக்கும். இங்கே அது சாவுப் பூ. உயிரோடு இருப்பவர் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

வேறு பூங்கொத்து கொடுத்தாலும் எண்ணிப் பாருங்கள். ஒற்றைப்படை என்றால் மனிதர்களுக்கு, இரட்டைப்படை கல்லறைக்கு. பாட்டி அன்று கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையாகவே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இருட்டின பிறகு அந்தக் கல்லறைத் தோட்டம் முழுக்க விளக்கு எரிவதை ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். படம் எடுக்க வேண்டாம். நம் பூஜைக்குச் சாமந்தி வாங்குவதும் அந்த வாரத்தில்தான் சுலபம், அதைத் தாராளமாகச் செய்யுங்கள்.

டிசம்பர் 5 இரவு, குழந்தை இருக்கிற வீடு என்றால் மறக்கவே கூடாது. பூட்ஸைத் துடைத்துப் பளபளவென்று ஜன்னலில் வைக்க வேண்டும். மிகுலாஷ் தாத்தா (புனித நிக்கோலஸ்) வந்து சாக்லேட், மேண்டரின் பழம் நிரப்பிவிட்டுப் போவார். சேட்டை செய்த பிள்ளைகளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டின குச்சிக் கட்டு. காலையில் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் பேசும், நம் பிள்ளை மட்டும் முழிக்கும். எங்கள் வீட்டில் முதல் வருஷம் அதுதான் நடந்தது. இங்கே கிறிஸ்துமஸ் பரிசு கொண்டுவருவது மிகுலாஷ் இல்லை, குழந்தை இயேசு. அதுவும் 24 மாலையிலேயே. இதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கொஷூத் சதுக்கத்தில், மஞ்சள் நிறப் பெரிய தேவாலயத்தின் முன்னால் கிறிஸ்துமஸ் சந்தை போடுவார்கள். சூடான வைன், புகைபோக்கி மாதிரி சுற்றிச் சுட்ட கூர்தோஷ்கலாச், தேன் ரொட்டி. கூட்டம், குளிர், விலை மூன்றும் அதிகம். வார நாளில் போங்கள். முக்கியம் 24-ஆம் தேதி. அதுவும் இப்போது விடுமுறை நாள். கடைகள் மூடியிருக்கும், மதியத்துக்கு மேல் டிராம் பஸ் மெல்ல மெல்ல நின்றுவிடும். 25, 26 இரண்டும் விடுமுறை. மூன்று நாளுக்கான பால், தயிர், காய்கறியை 23-க்குள் வாங்கி வையுங்கள். வருஷா வருஷம் யாராவது ஒரு மாணவர் 25 அன்று போன் செய்து "அண்ணா, அரிசி இருக்கிறதா?" என்பது வழக்கமாகிவிட்டது.

புத்தாண்டு நள்ளிரவில் பட்டாசுக்கு நடுவே தேசிய கீதம் போடுவார்கள், குடித்துவிட்டு ஆடுபவர்கள்கூட நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். அதை எழுதிய கொல்ச்செய் ஃபெரென்ட்ஸ் இந்த ஊர்க் கல்லூரியில் படித்தவர். கையெழுத்துப் பிரதியில் உள்ள 1823 ஜனவரி 22 என்ற தேதியை வைத்துத்தான் ஒவ்வொரு ஜனவரி 22-ஐயும் ஹங்கேரியப் பண்பாட்டு நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஜனவரி 1 மதியச் சாப்பாட்டில் பயறு இருக்கும். எவ்வளவு பயறோ அவ்வளவு காசு என்று நம்பிக்கை. அன்று கோழி மட்டும் ஆகாது, கோழி அதிர்ஷ்டத்தைப் பின்னால் கிளறித் தள்ளிவிடுமாம். நம் வீட்டில் பயறுக் குழம்பு வைத்து எதிர்வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன், சாமந்திக் கணக்கு அன்றுதான் நேரானது.

அடுத்து தவக்காலம் தொடங்கும்வரை ஃபர்ஷாங், அதாவது மாறுவேடக் கொண்டாட்டக் காலம். குழந்தைகளுக்கு மாறுவேடம், பெரியவர்களுக்குப் பாதாமி ஜாம் வைத்த ஃபாங்க் என்கிற இனிப்பு போண்டா. முகமூடியோடு ஊரே ஆடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நாட்டின் தெற்கு மூலையில் உள்ள மொஹாச்சுக்குப் போக வேண்டும். ஆட்டுத் தோலும் மர முகமூடியும் போட்டுக் குளிர்காலத்தை விரட்டுவார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இங்கிருந்து தூரம் அதிகம், ஒரு தடவை போதும்.

மார்ச் 8 அன்று அலுவலகத்தில் ஆண்கள் எல்லாரும் பெண் சகாக்களுக்குப் பூ கொடுப்பார்கள். வெறுங்கையோடு போய் நிற்காதீர்கள்.

மார்ச் 15, 1848 புரட்சி நாள். எல்லோரும் சட்டையில் கொகார்தா குத்திக்கொள்வார்கள், சிவப்பு வெள்ளை பச்சையில் சின்ன ரிப்பன் பூ. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் நம் ஆகஸ்ட் 15 பேட்ஜ் மாதிரியே இருக்கும். நான் ஒன்று வாங்கி வலது பக்கம் குத்திக்கொண்டு டிராமில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார், ஒன்றும் பேசவில்லை, ஊசியைக் கழற்றி இடது பக்கம், நெஞ்சுக்கு நேரே குத்திவிட்டுத் தன் மார்பைத் தட்டிக் காட்டினார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். இந்த ஊருக்கு அந்தப் போராட்டம் வெறும் பாடப்புத்தகச் செய்தி இல்லை. 1849 ஏப்ரல் 14 அன்று ஆஸ்திரிய அரச வம்சமான ஹாப்ஸ்பர்க்கின் ஆட்சி ஒழிந்தது என்று போராட்டத் தலைவர் கொஷூத் அறிவித்ததே அந்தப் பெரிய தேவாலயத்தில்தான். உள்ளே போனால் அவர் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டுவார்கள். படமோ சிலையோ இல்லாத வெள்ளைச் சுவர் என்பதால் நாற்காலி நன்றாகவே கண்ணில் படும்.

ஈஸ்டர் திங்கள் காலையில் பக்கத்துவீட்டுப் பையன்கள் கதவைத் தட்டி, ஒரு பாட்டுச் சொல்லி, வீட்டுப் பெண்கள் தலையில் வாசனைத் தண்ணீர் தெளிப்பார்கள். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் விடுகிறார்களாம். ஊர்த் திருவிழாவில் முறைப்பையன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி இருக்காது. பதிலுக்குச் சாயம் பூசின முட்டையோ சாக்லேட்டோ கொடுக்க வேண்டும். தெளிக்க வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே சொல்லலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த மலிவு சென்ட் வாசனை மட்டும் இரண்டு நாள் போகாது.

மே முதல் ஞாயிறு இங்கே அன்னையர் தினம், நம் ஊரைவிட ஒரு வாரம் முந்தி. ஜூலையில் நோஜெர்தோ பூங்காவில் காம்பஸ் இசை விழா. இளைஞர்கள் போகட்டும், பக்கத்தில் குடியிருப்பவர்கள் அந்த நாட்களில் தூக்கத்தை எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது ஆகஸ்ட் 20. நாட்டை உருவாக்கிய இஷ்த்வான் அரசரின் நாள். 1083-இல் அவரைப் புனிதராக அறிவித்த தேதி. இதில் எனக்கு ஒரு வேடிக்கை. டெப்ரெட்சென்னை 'கால்வினிய ரோம்' என்பார்கள், கால்வின் வழி வந்த, புனிதர் வழிபாடே இல்லாத புராட்டஸ்டன்ட் சபையின் ஊர். இருந்தும் வருஷத்தின் பெரிய கூட்டம் ஒரு கத்தோலிக்கப் புனிதரின் நாளில்தான். வழி கண்டுபிடித்தது பூ. 1966 முதல் அன்று மலர்த் திருவிழா நடக்கிறது. லட்சக்கணக்கான பூக்களை ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்த வண்டிகள், நடுநடுவே பேண்டு வாத்தியம், கோல் சுழற்றும் பெண்கள், பல நாட்டு நடனக் குழுக்கள். தேர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வண்டியின் உயரம் பெரிதாகத் தெரியாது, ஒட்டின நேர்த்திதான் தெரியும்.

இருக்கைக்கு டிக்கெட் உண்டு. சும்மா நிற்கவும் வழி நெடுக இடம் உண்டு, காலையில் சீக்கிரம் போனால் நிழலான பக்கம் கிடைக்கும். நிழல்தான் முக்கியம், வெயில் நம் ஊர் மாதிரியே அடிக்கும். ஊர்வலப் பாதையில் டிராம் நின்றுவிடும், முந்தின நாளே பார்த்துவையுங்கள். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்க முடியாதவர்கள், ஊர்வலம் முடிந்து வண்டிகளை நிறுத்திவைத்த பிறகு போனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ராத்திரி வாணவேடிக்கை.

பின்னால் கேட்டவர்களுக்கு:

சைவம் பற்றி. விழாக்களில் லாங்கோஷ் கிடைக்கும், பெரிய பூரி மேல் பூண்டு, புளிப்புக் க்ரீம், சீஸ். ஆனால் பொரித்தது எண்ணெயா பன்றிக் கொழுப்பா என்று கேட்க வேண்டும்: "ஒலோய்? ஜீர்?" ஜீர் என்றால் கொழுப்பு. பொகாச்சா என்கிற உப்பு ரொட்டியில் ஷொய்தோஷ் என்றால் சீஸ் போட்டது, சாப்பிடலாம். தெபெர்தோஷ் என்றால் பன்றிக் கொழுப்புப் பொரியல் அரைத்துச் சேர்த்தது. என் மனைவி சைவம். அதில் தெரிந்த பழுப்புத் துணுக்கை வறுத்த வெங்காயம் என்று நம்பி நாலு மாதம் சாப்பிட்டாள். சொன்னதிலிருந்து இன்றுவரை எந்த ரொட்டியையும் முதலில் பிய்த்துப் பார்க்கிறாள்.

விடுமுறை பற்றி. செவ்வாயோ வியாழனோ விடுமுறை வந்தால் பெரும்பாலும் இடையில் உள்ள திங்கள், வெள்ளியையும் விட்டுவிடுவார்கள். பதிலாக வேறொரு சனிக்கிழமை வேலை நாள். அதைக் கவனிக்காமல் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

தீபாவளி வெடி பற்றி ஒரு தங்கை கேட்டிருந்தார். வேண்டாம் அம்மா. டிசம்பர் 31 மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரைதான் இங்கே பொதுமக்கள் வாணவேடிக்கை விடலாம். கம்பி மத்தாப்பு பரவாயில்லை. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டுக் கொளுத்துவது இவர்கள் வழக்கம் என்பதால் டிசம்பரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அப்போதே இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி அடுத்த தீபாவளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பால்கனியில் மட்டும் வைக்காதீர்கள், போன வருஷம் எங்களுடையது நமுத்துப்போய் ஒன்றுகூடப் பற்றவில்லை.