வாட்டர் ஷூ குதிக்காலை வெட்டுகிறது, அவசரம்

காரைநகரான்: வணக்கம். கடல் தண்ணீரில் நடக்கப் போடுகிற லேசான வாட்டர் ஷூ ஒன்று புதிதாக வாங்கினேன். இரண்டு தரம்தான் போட்டேன், குதிக்காலில் கொப்பளம். சனிக்கிழமை திரும்பவும் இறங்க வேண்டும். என்ன செய்யலாம்?

மண்டைதீவு: எங்கே இறங்குகிறீர்கள்? கசூரினா கடற்கரை மணலுக்கும் கீரிமலைக் கரைக் கல்லுக்கும் ஒரே சப்பாத்து சரிவராது.

வேலணை அக்கா: தம்பி, அளவு என்ன? மேஸ் (காலுறை) போட்டனீங்களா? மேல்பக்கம் வலைத்துணியா, ரப்பர் மாதிரியா? கொப்பளம் உடைந்துவிட்டதா?

சுருதி71: மணல்தான் காரணம், எழுதி வையுங்கள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள் இருக்கும், வலைத்துணியாலும் நுண்மணல் வரும். உள்ளே போனது உள் அட்டைக்குக் கீழே தங்கி, மேலே வந்து தேய்க்கும். அட்டை கழன்று வருமென்றால் கழற்றி அலசுங்கள்.

நல்லூரான்: இங்கே எத்தனையோ தரம் எழுதியாயிற்று, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். ஓட்டத்துக்கு வாங்குகிற மாதிரிப் பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் விட்டு வாங்கியிருப்பீர்கள். நனைந்தால் துணி இளகும், குதிக்கால் ஏறி இறங்கும், கொப்பளம் வரும். காய்ந்திருக்கும்போது இறுக்கமாக இருக்க வேண்டும், ஆனால் விரல் மடங்கக் கூடாது. முதலில் அந்தப் பழைய பதிவுகளைப் படியுங்கள்.

காரைநகரான்: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 42, வலைத்துணி, மேஸ் இல்லை. வழக்கமான சப்பாத்து 8. பரவைக்கடலில் அப்பாவோடு நண்டு வலை பார்க்கப் போகிறேன், முழங்கால் தண்ணீர், சேறும் சாதாளையும் (கடல் தாவரம்). மூன்று மணித்தியாலம் நடை. கொப்பளம் உடையவில்லை.

மண்டைதீவு: 8 என்றால் 42 தானே, அளவு சரி.

நல்லூரான்: பெட்டியில் இருக்கிற எண்ணை நம்ப வேண்டாம். ஐரோப்பிய எண் ஒன்றுக்கு ஏறக்குறைய 6.7 மில்லிமீற்றர், எங்கள் பிரித்தானிய எண் ஒன்றுக்கு 8.5. இரண்டும் எல்லா இடத்திலும் பொருந்தி வராது. பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது கடதாசியில் வைத்துச் சென்ரிமீற்றரில் அளவுங்கள்.

பண்ணைக்கரை: எங்கட அப்பு அறுபது வருஷம் வெறுங்காலோடுதான் இறங்கினவர். சேற்றில் சப்பாத்து பாரம்தான்.

வேலணை அக்கா: உங்கட அப்புவின் கால் வேறு, இந்தத் தம்பியின் கால் வேறு. சிப்பி ஓடு கீறினால் யார் பார்க்கிறது? திருக்கையும் இருக்கிற இடம்.

பண்ணைக்கரை: அந்த மெல்லிய அடியைத் திருக்கை முள் துளைக்காதா? துளைக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசிக்கொண்டு நடந்தால் அதுவே விலகிப் போகும். அப்பு சொல்லித் தந்தது அதுதான்.

வேலணை அக்கா: அது சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில், 45 பாகைக்கு மேல் போகாமல், காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முள் ஆழமாக நின்றால் இழுக்கக் கூடாது.

சுருதி71: கேள்வி குதிக்காலைப் பற்றியது. தம்பி, உரசுகிற இடத்தில் பிளாஸ்டர் ஒட்டி, மெல்லிய நைலோன் மேஸ் போடுங்கள். பருத்தி வேண்டாம், ஊறித் திரளும். வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய விடுங்கள். நுரை அடி சுடுவெயிலில் சுருங்கும்.

வேலணை அக்கா: கொப்பளம் உடைந்தால் மட்டும் இறங்காதே தம்பி. சேற்றுத் தண்ணீர் புண்ணுக்குக் கூடாது.

காரைநகரான்: போய் வந்தேன். அட்டைக்குக் கீழே ஒரு பிடி மணல் இருந்தது. பிளாஸ்டரும் மேஸும் போட்டேன், புதிதாக ஒன்றும் வரவில்லை. ஆனாலும் சேற்றில் குதிக்கால் கழலப் பார்த்தது, 41 போட்டுப் பார்க்க வேண்டும். அப்பா வெறுங்காலோடுதான் வந்தார். எல்லோருக்கும் நன்றி.

மண்டைதீவு: மேஸோடு 41 இறுக்காதா? போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், நானும் வாங்க இருக்கிறேன்.

மண்டைதீவு: தம்பி, 41 கிடைத்ததா?